இரத்தினேஸ்வரி ஒளித்த அடையாள அட்டை

சல்லி என்ற ஊரின் கடற்கரையில் இரத்தினேஸ்வரிக்கு நல்ல பெயர் இல்லை. கட்டின புருசனின் அடையாள அட்டையை ஒளித்து வைத்து, அந்த மனிசனைத் தொழிலுக்குப் போகவிடாமல் வீட்டில் இருத்துகிறவள் என்றுதான் ஊர் சொன்னது. ஊர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஒளித்தாள்தான். ஏன் ஒளித்தாள் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சண்டைக் காலம். கடலுக்குப் போகிறவர்கள் கரையில் நிற்கிற நேவிக்காரரிடம் ஐசியைக் கொடுத்துவிட்டுத்தான் தோணியைத் தள்ள வேண்டும். ஐசி என்றால் அடையாள அட்டைதான். திரும்பி வந்து அதை வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் கடல் இல்லை. அவர்கள் சொன்ன எல்லையைத் தாண்டினால் ஆளே இல்லை. இந்தச் சட்டத்தை ஊரே வாய் நிறையத் திட்டியது. இரத்தினேஸ்வரி ஒருத்திதான் அதைக் கொண்டு புருசனின் உயிரைக் காப்பாற்றினாள்.

புருசன் தங்கத்துரைக்கு, வருத்தம் என்று ஊரில் சொல்கிற நோய் ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பார். ஒரு நாள் ஏறத் தொடங்கும். நித்திரை போய்விடும், கதை கூடிவிடும், கையில் இல்லாத காசெல்லாம் கையில் இருப்பது போலத் தெரியும். தொண்ணூற்றொன்றில் அப்படி ஏறினபோது, இனித் தான் மூன்று பெரிய போட் வாங்கப் போவதாகச் சொல்லி, இருந்த வலைகளை அயலுக்கு அள்ளிக் கொடுத்தார். பட்டப்பகலில் எல்லையைத் தாண்டி, நேவிப் படகுக்குக் கை காட்டிக்கொண்டு நேரே போனார். நல்ல காலம், தலைக்கு மேலாலே சுட்டார்கள். இருபத்திரண்டு நாள் உள்ளே வைத்துவிட்டு விட்டார்கள். வந்தவர் மூன்று மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

ஆஸ்பத்திரி டொக்டர்தான் அதற்குப் பைபோலர் என்று பெயர் சொன்னார். தினமும் விழுங்க லித்தியம் குளிசை எழுதினார். ஆனால் கொழும்பிலிருந்து குளிசை வந்து சேராத மாதங்களும் இருந்தன. அந்த மாதங்களில் தங்கத்துரை விடியப்புறம் எழும்பி ஒரு பாட்டை முணுமுணுத்தால் போதும், ஐசி சமைக்கிற குசினியில் மா போட்டு வைக்கிற தகர மாப்பேணிக்குள் போய்விடும்.

அந்த டொக்டரிடம் அவள் ஒரு நாள் தனியாகப் போய்க் கேட்டாள். மகள் இராசமலருக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"இது பிள்ளைக்கும் வருமோ ஐயா?"

"வரலாம், வராமலும் விடலாம். இப்பிடியான ஆக்களின்ர பிள்ளையள் நூறு பேரை எடுத்தால் ஒரு பத்துப் பேருக்கு வரும். மிச்சப் பேருக்கு ஒண்டும் இராது. நீங்கள் அந்த மிச்சப் பேரைப் பாருங்கோ அம்மா."

"எனக்கு நூறு பிள்ளை இல்லை ஐயா. ஒண்டுதான்."

டொக்டர் நல்ல மனிசன். பேனையை மூடி வைத்தார். இரத்தினேஸ்வரி பிறகு இன்னொரு பிள்ளை பெறவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இருந்த ஒன்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மற்ற வீடுகளில் பிள்ளை அழுதால் தாய் ஓடி வருவாள். இந்த வீட்டில் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தால் தாய் ஓடி வந்தாள்.

தொண்ணூற்றெட்டில் இராசமலருக்கு ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. ஷெல் அடிக்கிற நாட்களில் ஊரே நித்திரையில்லாமல்தான் கிடக்கும். ஆனால் அது சத்தமில்லாத கிழமை. அந்தக் கிழமையில் பிள்ளை நாலு நாளாகப் படுக்கவில்லை. தனக்குள் கதைத்தாள், சிரித்தாள், கழுவின சட்டிபானையை எடுத்துத் திரும்பவும் கழுவினாள். தாய் சோறு போடும்போது ஒரே மூச்சில் சொன்னாள்:

"என்னை எடுத்திட்டால் பாருங்கோ அம்மா, கூரைக்கு ஓடு போடுவன், அப்பாவுக்குப் புது எஞ்சின் எடுப்பன், வெருகல்ல ஒரு துண்டு வயல் வாங்குவன்."

இரத்தினேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தாள். தங்கத்துரையின் மூன்று போட்டும் இந்த மாதிரித்தான் தொடங்கின.

பரீட்சையன்று காலமை ஆறரைக்கு இராசமலர் அலுமாரியைத் தலைகீழாகப் புரட்டினாள். ஏழு மணிக்கு பஸ். டவுனுக்கு ஐசி காட்டி இரண்டு சோதனைச் சாவடி தாண்ட வேண்டும்.

"அம்மா, என்ர ஐசி எங்க?"

"நீ இண்டைக்குப் போகேலாது."

"எங்க வைச்சனீங்கள்?"

"வாற வருசம் போகலாம். இண்டைக்குப் படு. அம்மா சொல்லுறன், கொஞ்சம் படு பிள்ளை."

இராசமலர் தாயைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. "எனக்கு அப்பாவின்ர வருத்தம் எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்ட குரல் உயர்ந்துபோனது. அந்தக் குரலையும் இரத்தினேஸ்வரி ஒரு அறிகுறியாகத்தான் எடுத்தாள். கோபப்பட்டாலும் வருத்தம், சிரித்தாலும் வருத்தம். அந்தப் பிள்ளை பாவம், எந்தப் பக்கத்தால் தப்புவது?

அன்றைக்கு நேவி கடலைப் பூட்டியிருந்தது. அதனால் தங்கத்துரை வீட்டில்தான் இருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டது. இந்தப் பேச்சு அந்த வீட்டில் ஏழு வருசமாக அவர் முன்னால் எழுந்ததில்லை. எழும்பி வந்து, கதிரையை இழுத்து மகளுக்கு முன்னால் போட்டு இருந்தார். அந்த மாதம் குளிசை தவறாமல் வந்திருந்தது.

"பிள்ளை, உனக்குப் பயமாக் கிடக்கோ?"

"பஸ் போகப் போகுது அப்பா."

"கேட்டதுக்குச் சொல்லு."

இராசமலர் அலுமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு உதடு கோணியது.

"ஓம். அவையள் கேள்வி கேக்கேக்க நாக்குப் பிரளாமல் போயிடுமோ எண்டு பயம். என்னை எடுக்காட்டி உங்களுக்கு என்ன சொல்லுறது எண்டு பயம். கண்ணை மூடினால் அதுதான் வருது. ஓடு, எஞ்சின் எண்டு கதைச்சதும் அதாலதான். கதைக்காமல் இருந்தால் அழுதிடுவன்."

தங்கத்துரை மனைவியின் பக்கம் திரும்பினார். "எடுத்துக் குடு."

"உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

"எனக்கு வந்த நேரம் பயமில்லை, ஈசு. நேவிக்காரன் சுடேக்கையும் பயமில்லை. நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். இவள் பயந்துபோய் நிக்கிறாள். இது அது இல்லை. இண்டைக்கு இல்லை."

இன்றைக்கு இல்லை என்று அவர் சொன்னது இரத்தினேஸ்வரியின் காதில் விழாமல் போகவில்லை. நாளைக்கு யார் பொறுப்பு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. குசினிக்குள் போய் மாப்பேணியைத் திறந்து, ஐசியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

ஏழாக இன்னும் பத்து நிமிடம். இராசமலர் வேலிப் படலை வரை ஓடிப்போய் நின்றாள்.

"அப்பா, எப்பவாவது எனக்குப் பயம் இல்லாமல் போனால், உடன வந்து உங்களிட்டச் சொல்லுறன்."

"சொல்ல மாட்டாய் பிள்ளை," என்றார் தங்கத்துரை. "அந்த நேரம் அது வருத்தம் எண்டு தெரியாது. உலகத்தில என்னைப் போலச் சுகமான ஆள் இல்லை எண்டுதான் கிடக்கும்."

இராசமலர் கையில் இருந்த ஐசியைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"அப்பிடியெண்டால் அண்டைக்கு நீங்கள் இதை ஒளியுங்கோ அம்மா. நான் என்ன ஏசினாலும் தர வேண்டாம்."

சொல்லிவிட்டு ஓடினாள். பஸ் சந்தியில் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் இரத்தினேஸ்வரி அழுதாள்.