கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் நடந்தவர்

என் கேமராப் பையில் என் வீட்டுக்காரருக்குப் பிடித்த ஒரே சாமான் ஃபில்டர் ஹோல்டர்தான். தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த மனுஷன். லென்ஸின் முன்பக்கம் ஒரு வளையத்தைத் திருகி, அதன்மேல் ஹோல்டரை மாட்டி, சதுரமான கறுப்புக் கண்ணாடியை அதன் காடிக்குள் நான் இறக்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, லென்ஸுக்கு ஜன்னலா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஜன்னல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்குள் ஊரப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்விடுவோம். எனக்குக் கடல், அவருக்கு மீன். நான் ட்ரைபாடை ஊன்றும்வரைகூட அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, நான் எந்தப் பக்கம் படம் எடுக்கிறேனோ சரியாக அந்தப் பக்கமே நடப்பார்.

முதல் நாள் கத்தினேன். அப்புறம் விளக்கினேன். இந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் வெளிச்சம் துளித்துளியாகத்தான் உள்ளே வரும். ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடமாடுகிற ஆள் யாரும் படத்தில் பதியமாட்டார்கள்.

"அப்ப நான் நடந்துகினே இருந்தா உன் படத்துக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஆகாது என்றேன். அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கண்ணாடியை இறக்கிவிட்டால் கேமராவில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் கண்ணாடி இல்லாமல் ஃபோகஸ் செய்து, ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். அந்தப் படங்களில் எல்லாம் அவர் இருப்பார். குனிந்து கிளிஞ்சல் பொறுக்குவார், படகுக்காரரிடம் வாயடிப்பார், நாயை விரட்டுவார். கார்டில் குப்பை சேரக் கூடாது என்று மணலில் உட்கார்ந்தபடியே அவற்றை அழித்துவிடுவேன். அப்படியொரு சுத்தக்காரி நான்.

போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். கல்யாண ஆல்பத்தில் இருக்கிறார், ஆதாரில் முறைத்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு வேண்டியது கோவளத்து ஆள். ஹார்டு டிஸ்க் முழுவதும் தேடிவிட்டேன். பால்போல வழவழவென்று கடல், வெறிச்சோடிய மணல். ஆள் அரவமே இல்லை. இந்தப் படங்களுக்குத்தான் எல்லோரும் ஆஹா என்றார்கள். இப்போது பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரே ஒரு படத்தில் அவர் கொஞ்சம் பதிந்தார். அது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு நிமிடம் முடிந்து திரையைப் பார்த்தால், நட்ட நடுவில் புகைபோல ஒரு வெள்ளைச் சட்டை, என் பக்கம் திரும்பி நிமிர்ந்தபடி.

"ரெண்டு நிமிஷம் ஒழுங்கா நடக்கக்கூட தெரியாதா உங்களுக்கு?"

"கால்ல சிப்பி குத்திச்சு" என்றார்.

பக்கத்தில் வந்து கேமராவை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மூஞ்சி வர்லியே?"

"முழுசா நின்னாதான் வரும்" என்று சொல்லிக்கொண்டே கேமராவைப் பிடுங்கி அதையும் அழித்தேன். அவர் மீன் வாங்கப் போனார். அன்றைக்குச் சங்கரா நன்றாகக் கிடைத்தது.

அந்த அளவுக்குப் பதிய வேண்டுமென்றால் முக்கால் நிமிடமாவது நின்றிருக்க வேண்டும். கணக்கு எனக்கு அன்றைக்கே தெரியும், போட்டுப் பார்க்கவில்லை. சிப்பி குத்தியவன் உட்கார்ந்து காலைப் பார்ப்பான், நொண்டுவான். என்னைப் பார்த்து நிமிர்ந்து நிற்க மாட்டான். என்னையும் ஒன்று எடு என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நொடியில் எடுத்திருப்பேன். கேட்கத் தெரியாத மனுஷன். கேட்காமலே எடுக்க எனக்கும் தோன்றவில்லை.