பாஸ்கலின் சம்மதம்

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளங்கையால் காதுக்கு மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "என்னளா சொன்ன?" என்று கேட்பார் பாஸ்கல். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். "சரி சரி, செஞ்சிருவோம்" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துவிடுவார். சோறு ஆறிப் போகிறது என்று சொன்னாலும் அதே பதில்தான். பக்கத்துத் தெருவில் ஒருவர் செத்துப்போனார் என்று சொன்னாலும் அதே பதில்தான்.

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் பலருக்கும் காது மந்தம். மீசை முளைப்பதற்கு முன்பே கடலுக்கு அடியில் போகத் தொடங்கிய காதுகள் அவை. ஆனால் மற்றவர்கள் கேட்கவில்லையென்றால் மறுபடி கேட்பார்கள். பாஸ்கலுக்கு அந்த வழக்கமில்லை. தன் காதில் விழுந்தது எதுவோ, அதுதான் எதிராளி சொன்னது என்று வைத்துக்கொள்வார். அதோடு ஊரில் எல்லோருக்கும் தன்னைப் போலவே காது போய்விட்டது என்றும் ஒரு நினைப்பு. வீட்டுக்குள் உப்பு கேட்டாலும், ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கூவுகிற குரலில்தான் கேட்பார். அகன்ற மார்பு, மெலிந்த கால்கள், தூக்கிக் கட்டிய கைலி, கழுத்தில் மாதா படம் தைத்த, எண்ணெய்ப் பிசுக்கேறிய உத்தரியக் கயிறு. தூரத்தில் அவர் வருவது தெரிவதற்கு முன்னால் குரல் வந்துவிடும்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் அவருடைய ஒரே மகள் மரியசெல்வி பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. பி.யு.சி.யில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுத்த மதர்தான் இப்படி ஒரு பட்டப் படிப்பு மெட்ராஸில் இருக்கிறது, நான்கு வருஷம், படித்து முடித்தால் பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி, விண்ணப்பத்தையும் வரவழைத்துக் கொடுத்திருந்தார். அதை அப்பாவிடம் சொல்ல மரியசெல்வி நான்கு முறை கத்தினாள். அவர் காதில் 'டிகிரி' விழுந்தது, 'ஆஸ்பத்திரி' விழுந்தது. மற்றதெல்லாம் வழியில் எங்கேயோ கொட்டிப்போய்விட்டது.

சாயங்காலம் அடுத்த வீட்டு பேபியக்கா வந்து வாசலில் உட்கார்ந்து வீங்கின காலை நீட்டினாள்.

"ஏளா, நீ டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு ஒங்கப்பா டீக்கடையில சொன்னாவ. இதக் கொஞ்சம் பாரேன்."

"யக்கா, நான் இன்னும் அப்ளிகேஷனே போடல. அதுவும் டாக்டருக்கு இல்ல, நர்சிங்குக்கு."

"சரி, போடுத வரைக்கும் இதுல என்னத்தத் தடவ?"

மரியசெல்வி உள்ளே போய் அப்பாவின் முன்னால் நின்றாள். "எப்பா! டாக்டர் இல்ல! நர்சு! நர்சு!"

"அதானளா நானும் சொன்னேன், டாக்டருன்னு" என்றார் பாஸ்கல்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிக் கடல் கலங்கிவிட்டால் சங்கு குளி நின்றுவிடும். கடலில் வேலையில்லாத பாஸ்கல் கரையில் செய்கிற வேலைகள்தான் பெரிய தொந்தரவு. விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து என்று ஓர் இடம் இருந்தது. மகள் அடுப்பில் கஞ்சியைப் பார்க்கப் போன நேரத்தில், அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவரே கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டார். புகைப்படம் ஒட்ட வேண்டிய கட்டத்துக்குள். காலியாகக் கிடந்த பெரிய இடம் அதுதானாம். இன்னொரு விண்ணப்பம் வரவழைக்க நாள் இல்லை. மரியசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையெழுத்தின் மேலேயே தன் படத்தை ஒட்டினாள். பிறகு சரியான இடத்தில் விரலை வைத்து, "இங்கன! இங்கன!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தி, இன்னொரு கையெழுத்து வாங்கினாள்.

உடல்தகுதிச் சான்று வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோதும் கூடவே வந்தார். வேண்டாம் என்று சொன்னாள். "சரி சரி" என்று சட்டையை மாட்டினார். டாக்டர் மரியசெல்வியைப் பார்த்து, "உட்காரும்மா" என்றார். பாஸ்கல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு நிற்காமல் வாயைத் திறந்து நாக்கையும் நீட்டினார். டாக்டர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். வந்ததற்குப் பார்த்துவிடுவோம் என்று விளக்கை எடுத்து அவர் காதுகளுக்குள் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ரெண்டு பக்கமும் சவ்வு கிழிஞ்சிருக்கு. இனிமேல் கடல்ல முங்கக் கூடாதுன்னு சொல்லும்மா."

அவள் சொன்னாள். "சரி சரி, செஞ்சிருவோம்" என்று டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டார் பாஸ்கல். வெளியே வந்ததும், "டாக்டர் என்னளா சொன்னாவ?" என்று கேட்டார்.

"கடல்ல எறங்கக் கூடாதாம்!"

"ஒனக்கா? ஒனக்கு நீச்சலே தெரியாதே."

இதையெல்லாம்கூட மரியசெல்வி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது இஞ்ஞாசி மாமா வந்த அன்று. அவர் மரியசெல்வியின் அம்மாவுக்கு அண்ணன். பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் மேஸ்திரி. இதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளை வேட்டி கலையாமல் வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், தங்கச்சி இருந்திருந்தா நான் இம்புட்டுப் பேச வேண்டியதில்ல. பொம்பளப் பிள்ளைய மெட்ராஸுக்கு அனுப்பி நர்சு வேலையா? கண்டவனையும் தொட்டுக் கழுவணும். ராத்திரி ஆஸ்பத்திரியில கெடக்கணும். நாளைக்கு எவன் கட்டுவான்? எம்மவன் இருக்கான். மாதா திருநா முடிஞ்ச கையோட கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம். என்ன சொல்லுதிய?"

"சரி சரி, செஞ்சிருவோம்" என்றார் பாஸ்கல்.

மாமா எழுந்து, மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மரியசெல்வி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் மெட்ராஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நேர்முகத்துக்கு எந்த நாளும் கூப்பிடுவார்கள். இங்கே இவர் திருமணத்துக்குத் தேதி கொடுத்துவிட்டு, மூக்குப்பொடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"எப்பா! எதுக்குச் சரின்னு சொன்னிய? மாமா என்ன கேட்டாவன்னு தெரியுமா?"

"தோணிக்கு வண்ணம் அடிக்கணும்னான். அடிச்சிருவோம்."

அவளுக்குள் ஏதோ அறுந்தது. தெருக்கதவு திறந்திருக்கிறது என்பதோ, காற்று மாமா வீட்டுப் பக்கம்தான் அடிக்கிறது என்பதோ நினைவில் இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "அவுக மவனுக்கு என்னக் கேக்காவ! எனக்கு அவனும் வேண்டாம், எவனும் வேண்டாம்! மெட்ராஸுக்குப் போயிப் படிக்கணும்! சாவடிச்சாலும் நான் ஓலைக்குச் சம்மதிக்க மாட்டேன்!"

அம்மி அரைக்கிற சத்தம் அடுத்த வீட்டில் நின்றது. எதிர்வீட்டில் யாரோ ரேடியோவின் ஒலியைக் குறைத்தார்கள். மூன்று வீடு தள்ளி, ஒரு கதவு படீரென்று சாத்துகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு முறிந்த பேச்சுவார்த்தை பிறகு ஒட்டவில்லை. மாமா வழியில் பார்த்தாலும் கடலைப் பார்த்தபடி போனார்.

பாஸ்கல் ஒரு சிட்டிகை பொடியை இழுத்துவிட்டு, "அதுக்கு ஏன் இம்புட்டுச் சத்தம் போடுத?" என்று கேட்டார்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. பெற்றோர் ஒருவரைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மெட்ராஸ் ரயில் மதுரையைத் தொடுவதற்குள், அந்தப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் மரியசெல்வி டாக்டராகப் போகிற விஷயம் தெரிந்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியில் மேசைக்குப் பின்னால் மூன்று பெண்மணிகள் இருந்தார்கள். நடுவில் கனத்த கண்ணாடி போட்ட பிரின்சிபால். மரியசெல்வியிடம் கேட்டதற்கெல்லாம் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

"இந்தப் படிப்புல ராத்திரி டூட்டி உண்டு. ஆண் நோயாளிகளையும் பார்க்கணும். பாதியில கல்யாணம்னு வந்து கூட்டிட்டுப் போகக் கூடாது. உங்களுக்குப் பூரண சம்மதமா?" என்று கேட்டார் பிரின்சிபால்.

"சரி சரி, செஞ்சிருவோம்."

பிரின்சிபால் பேனாவை மேசையில் வைத்தார். "என்ன செய்வீங்க? நான் என்ன கேட்டேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

பாஸ்கல் புன்னகை செய்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அவருக்குக் காது கேக்காது மேடம். ஆனா சம்மதம்தான்" என்றாள் மரியசெல்வி.

"ரெண்டாம் வருஷம் தாலியோட வந்து சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேக்கிற பொண்ணுங்களை நான் நிறையப் பார்த்தாச்சு. அவர் காதில விழாத சம்மதம் எனக்கு வேண்டாம்மா. கேட்டுச் சொல்லு."

வேறு வழியில்லை. அப்பாவின் வலது காது கொஞ்சம் தேவலை. அந்தப் பக்கமாகப் போய் நின்றாள். அவரிடம் வாழ்நாளில் சொல்லியிராத வார்த்தைகள். விண்ணப்பம் வந்த நாளிலிருந்து சேர்ந்திருந்த ஆத்திரமெல்லாம் குரலில் ஏறிக்கொண்டது.

"எப்பா, கேளுங்க! ஆம்பளச் சீக்காளிக்கு மேலு கழுவணும்! மூத்திரச் சட்டி எடுக்கணும்! பீத்துணி மாத்தணும்! ராத்திரி பூரா முழிச்சிருக்கணும்! படிப்பு முடியுத வரைக்கும் கல்யாணம் கெடையாது! இதுக்கெல்லாம் சம்மதமான்னு கேக்காவ!"

வெளியே வராந்தாவில் காத்திருந்த பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது.

பாஸ்கல் இந்த முறை சரி என்று சொல்லவில்லை. நெஞ்சைச் சொறிந்துகொண்டார். பிறகு பிரின்சிபாலைப் பார்த்து, அந்த வள்ளத்துக் குரலில் சொன்னார்:

"இவ அம்ம படுக்கையில கெடந்தப்ப இதெல்லாம் இவதான் செஞ்சா. அப்ப ஒருத்தரும் எங்கிட்ட வந்து சம்மதமான்னு கேக்கல. இப்ப என்னத்துக்குக் கேக்கிய?"

அம்மா படுத்திருந்த நாட்களில் அப்பா எப்போதும் கடலிலோ, கடற்கரையிலோதான் இருந்தார். அவர் இதையெல்லாம் பார்த்திருந்தார் என்பதே மரியசெல்விக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஏதோ எழுதினார். "போகலாம்" என்றார்.

எழும்பூர் வரும்வரை மரியசெல்வி அப்பாவோடு பேசவில்லை. ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இது என்ன பதில்? கையில் இருந்த சீட்டு போயே போய்விட்டது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. "ஒரு ஆமான்னு சொன்னா என்னப்பா?" என்று கடைசியில் கேட்டாள். பிளாட்பாரத்தில் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்த பாஸ்கல், "அந்த டீச்சரம்மா நல்லா வெளங்கும்படியாப் பேசுதாவ, என்னளா?" என்றார். அவருக்கு முதலிலேயே கேட்டிருந்ததா, கேட்கவில்லையா? அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் தோலை எங்கே போடுவதென்று தேடிக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்துவிட்டது. கார்டு வந்ததும் அதை அவள் கத்திச் சொன்னதில், தெருவுக்குத் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பேபியக்கா சர்க்கரை கொண்டுவந்து வாயில் போட்டாள். மாமா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

சேருகிற நாளில் பாஸ்கல் தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தார். "யோவ், ஆம்பளைங்க உள்ளே போகக் கூடாது!" என்று வாட்ச்மேன் கத்தினான். பாஸ்கல் நடந்துகொண்டேயிருந்தார். "பெரியவரே! ஏய்! நில்லுய்யா!" பாஸ்கல் படியேறிவிட்டார். ஈரத் தலையோடு நின்ற பெண்கள் அலறியடித்துக்கொண்டு கதவுகளுக்குப் பின்னால் ஓடினார்கள். "எப்பா! எப்பா!" என்று மரியசெல்வி பின்னாலேயே ஓடினாள்.

அவளுக்கு ஒதுக்கிய கட்டில், அறைக்குள் சுவரோரம், அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. பாஸ்கல் பெட்டியை இறக்கிவைத்தார். மெத்தையை உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். எதிர்ப்பக்கத்து ஜன்னலடியில் இடம் காலியாகக் கிடந்தது.

"இங்கன காத்தே வராதே" என்றார். குனிந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார்.

"எப்பா, போட்ட எடத்துலயே இருக்கட்டும்! திட்டுவாவ!"

இரும்புக் கால்கள் தரையைக் கீறுகிற சத்தம் விடுதி முழுக்கக் கேட்டது. தாழ்வாரத்தில் வார்டனின் செருப்புச் சத்தம் வேகமாக வந்துகொண்டிருந்தது. வாட்ச்மேனின் குரலும் கூடவே வந்தது. பாஸ்கல் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கட்டிலின் ஒரு கால் தரைப் பிளவில் சிக்கி நின்றது.

மரியசெல்வி வாசலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினாள்.