ஆற்றின் நடுவே மாற்றிக்கொண்ட இளவரசிகள்

மகள் பகலில் தூங்கும் ஒரு மணி நேரத்தில்தான் நான் படிப்பேன். அந்தக் குளிர்காலத்தில், பழைய ஐரோப்பாவின் அரசிகள் நாடுகளுக்கிடையே தூது நடத்திய விதம் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பிரான்சும் ஸ்பெயினும் ஒருமுறை எல்லை ஆற்றின் நடுவே இளவரசிகளை மாற்றிக்கொண்டன. சமாதானம் நிலைக்கட்டும் என்று.

வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்களுடையதும் மாற்றுக் கலியாணம்தான். நான் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு வாழ வந்தேன்; என் கணவரின் தங்கை என் அண்ணனைக் கட்டி, ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டுக்குப் போனாள். ஒன்று முறிந்தால் மற்றதும் நிலைக்காது என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

தை மாதம் அந்த மச்சாள் ஒரு பெட்டியோடு தாய்வீட்டுக்கே திரும்பி வந்தாள். அதன்பின் இரு வீட்டோடும் கதைத்தவள் நான் மட்டும்தான்.

"அவ வாறதெண்டா வரட்டும். நான் வந்து கூப்பிட மாட்டன்," என்றான் அண்ணன் தொலைபேசியில்.

"என்னவாம்?" என்றார் மாமி, என் கணவரின் தாய்.

"மச்சாள் வரட்டுமாம், மாமி."

"அப்ப ஞாயிறு வந்து கூட்டிக்கொண்டு போவார்."

நான் மறுக்கவில்லை. அரசிகள் கடிதங்களின் கடுமையைக் குறைத்துச் சொன்னார்கள் என்று அன்று காலைதான் எழுதியிருந்தேன். முழுவதையும் சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் முறிந்திருக்குமோ?

ஞாயிற்றுக்கிழமை மாமி மருமகனுக்கென்று இறால் குழம்பு வைத்தார். மச்சாள் உடுத்து வெளிக்கிட்டு யன்னலோரம் இருந்தாள். மூன்று மணியாகியும் அண்ணன் வரவில்லை.

"உன்ரை அண்ணர் எங்களைப் பேயராக்கி ஏமாத்திப்போட்டார்," என்றார் மாமி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு நீ போய்க் கதை."

"ஓம் மாமி. பிள்ளையையும் கொண்டு..."

"இந்தக் குளிருக்கை பிள்ளை ஏன்? இங்கை நிக்கட்டும். அண்ணர் வரேக்கை நீயும் அவரோடை வா."

கணவரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

உடுப்பு எடுக்க அறைக்குள் போனேன். மேசையில் கட்டுரை கிடந்தது. நூறாண்டு கழித்து அதே ஆற்றில் இன்னொரு மாற்று நடந்தது, அதில் ஒரு அரண்மனை தன்னிடமிருந்த இளவரசியைத் திருப்பி அனுப்ப, மற்றதும் அப்படியே செய்தது என்பதுவரை எழுதியிருந்தேன். இப்படித் திருப்பி அனுப்பப்படும் பெண்களின் பிள்ளைகள் யாரிடம் வளர்வார்கள் என்று மட்டும் நான் தேடியிருக்கவில்லை.

வெளியே வந்தபோது, மாமி என் மகளின் பனிச்சப்பாத்துகளை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.