கத்திரித் தோட்டத்தில் விழுந்த கூண்டு

ராமுத்தாய்க்கு எதைக் கண்டாலும் அதன் அடியைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும். கல்யாணமாகி நெடுங்கரட்டுப்பட்டிக்கு வந்த புதிதில், புருசன் உடையப்பன் ஆசையாக வாங்கி வந்த டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தவள் அவள். உடையப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. “உள்ள என்ன இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டான்.

ஐம்பத்தெட்டாம் வருசம் தை மாதம். பொங்கல் முடிந்து ஊர் இன்னும் வேலைக்குத் திரும்பாத நேரம். திண்டுக்கல் சந்தைக்குக் கத்திரிக்காய் பறிக்கக் காலையில் தோட்டத்துக்குப் போனவள், செடிகள் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். யாரோ சேலையைக் காயப்போட்டதுபோல இருந்தது. கிட்டே போனால் தாள். பட்டம் ஒட்டுகிற மெல்லிய தாள், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பெரிய பையாக ஒட்டியிருந்தது. பனியில் நனைந்து துவண்டிருந்தது. வாய்ப்பக்கம் மூங்கில் சிம்பில் ஒரு வளையம். வளையத்தின் குறுக்கே கம்பி. கம்பியின் நடுவில் கரிந்த துணி உருண்டை. மோந்து பார்த்தாள், மண்ணெண்ணெய்.

“ஏங்க, இங்க வாங்க!”

உடையப்பன் வந்து பார்த்துவிட்டு, “தொடாத புள்ள. என்ன எழவோ” என்றான். அதற்குள் அவள் அதைப் பாதி மடித்திருந்தாள்.

அடுத்த தோட்டத்துப் பொம்மையன் வரப்புக்கு அந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தான். இந்தப் பக்கம் வரவில்லை. யார் தோட்டத்துக்கும் அவன் போவதை நிறுத்தி ஒரு வருசமாகிறது. போன தையில் கண்ணுசாமியின் வைக்கோல் படப்பு விளக்கு வைக்கிற நேரத்தில் எரிந்து போனது. அதற்கு முந்தின வாரம்தான் கிணற்று முறைத் தண்ணீருக்காகப் பொம்மையனும் கண்ணுசாமியும் கைகலந்திருந்தார்கள். பார்த்த சாட்சி யாருமில்லை. ஆனாலும் ஊர் முடிவு செய்துவிட்டது. பொம்மையன் கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான், யாரும் கேட்கவில்லை. அவன் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு ஆள் போவது நின்றது.

ராமுத்தாய் அன்றைக்குக் கத்திரிக்காய்க் கூடையோடு அந்தத் தாள் மூட்டையையும் சந்தைக்குக் கொண்டு போனாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டினாள். சர்க்கஸ்காரன் சாமான் என்றார் ஒருவர். பட்டாளத்து வேவு விமானம் என்றார் இன்னொருவர். சிறுமலையிலிருந்து வாழைத்தார் கொண்டு வந்திருந்தவர் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இது எங்க ஊருக் கூண்டு தாயி. அந்தோணியார் திருநாளுக்கு விடுவாக. உள்ள சூடேறிச்சுன்னா தன்னால மேல போயிரும். நாளைக்கும் உண்டு, வந்து பாரு.”

“தன்னாலயா? நூல் கெடையாதா?”

“நூலும் கெடையாது, றெக்கையும் கெடையாது.”

அதற்குப் பிறகு அவளுக்கு யாவாரம் ஓடவில்லை. மிச்சக் காயை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தாள். “வாங்க, போயிப் பாத்துட்டு வந்துருவோம்” என்றாள். உடையப்பன் மாட்டைச் சாக்காகச் சொன்னான். அவள் மறுநாள் விடியும் முன்பே மாட்டுக்குத் தண்ணி காட்டி, தீவனம் போட்டு, கட்டுச்சோறும் கட்டிவிட்டாள். வேறு சாக்கு அவனுக்குத் தோன்றவில்லை.

மலையடிவாரம் வரை பஸ். பிறகு ஓடையோரமாக, வாழைத்தார் சுமந்து இறங்கும் கழுதைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். இரண்டு கரடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. ஓடு வேய்ந்த சின்னக் கோயில், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், அறுத்து முடித்த ஒரு வயல். ஊரே அந்த வயலில்தான் கூடியிருந்தது.

கூண்டு கட்டுவது ராயப்பராஜ் என்ற மனிதர். தாளை வெட்டி ஒட்டுவது அவர் மனைவி ஆனந்தமேரி. ராமுத்தாய் நேராக அந்த அம்மாளிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏக்கா, இம்புட்டுப் பெரிசா எதுக்கு? சின்னதா இருந்தாப் போகாதா?”

“சின்னதுக்கு அந்தக் கம்பியத் தூக்கவே தெம்பு பத்தாது தாயி.”

“பசை சூட்டுல விட்டுப்போகாதா?”

ஆனந்தமேரி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “நீ எந்த ஊரு?” என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். “இந்தா, ஒட்டிக்கிட்டே கேளு.”

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியதும் காற்று அடங்கியது. முதல் கூண்டை நாலு பேர் விளிம்பில் பிடித்து நிற்க, ராயப்பராஜ் வைக்கோலைக் கொளுத்தி அடியில் புகை காட்டினார். துவண்டு தொங்கிய தாள் மெல்லப் புடைத்தது, பிறகு தானாக நிமிர்ந்தது. துணி உருண்டையைப் பற்றவைத்தார். “நீயும் பிடி தாயி” என்று ஆனந்தமேரி தள்ள, ராமுத்தாயும் வளையத்தைப் பிடித்தாள். கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பதுபோல மேலே ஒரு இழுப்பு. “விடு!” என்றார்கள். விட்டாள். உள்ளே வெளிச்சத்தோடு அது எழுந்து, கோயில் சிலுவையைத் தாண்டி, கரட்டு உச்சியைத் தாண்டிப் போனது. உடையப்பன் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து நின்றான். துண்டு தோளிலிருந்து விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அப்புறம் வரிசையாக விட்டார்கள். எல்லாம் மேற்கே போயின. ஒன்று மட்டும் ஏறும்போதே சாய்ந்து, ஓரம் கிழிந்து, எரிகிற திரியோடு சரிவில் இறங்கியது. காய்ந்த கரட்டுப் புல் பக்கென்று பற்றியது. ஆட்கள் பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு ஓடி அடித்து அணைத்தார்கள். அவர்களுக்கு அது பழக்கம் போலிருந்தது, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

ராமுத்தாய் சிரிக்கவில்லை. உடையப்பனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே,” என்று ராயப்பராஜிடம் கேட்டாள், “போன தையிலயும் விட்டீகளா?”

“வருசா வருசம் விடுவோம்.”

“எங்க ஊரு மேற்கால இருக்கு. நேத்து என் தோட்டத்துல ஒண்ணு கெடந்துச்சு. போன தையில ஒருத்தரு படப்பு எரிஞ்சு போச்சு. பொங்கல் கழிச்சு, இதே நேரம்.” எரிந்த சரிவைக் காட்டி, “பழி இன்னொருத்தரு மேல கெடக்கு” என்றாள்.

ராயப்பராஜ் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். அடுத்த கூண்டுக்குப் பிடித்து நின்றவர்களிடம், “போதும்ப்பா, மடிச்சு வைங்க” என்றார். பிறகு அவளிடம், “நாளைக்கு உங்க கூட வாரேன்” என்றார். ஆனந்தமேரி, “நானும் வாரேன்” என்றாள்.

நெடுங்கரட்டுப்பட்டியில் சாவடி முன்னால் ஆட்கள் கூடினார்கள். ராயப்பராஜ் கூண்டை விரித்துக் காட்டி, எதையும் மறைக்காமல் சொன்னார். “எங்க கூண்டுதான்னு நான் கண்ணால பாக்கல. ஆனா எங்களுதா இருக்கும். அந்தண்ணன் மேல பழி வேண்டாம். வைக்கோலுக்கு நாங்க பதில் சொல்றோம்.”

கண்ணுசாமி ஒப்பவில்லை. “காகிதம் அம்புட்டுத் தொலவு வருமா? யாரு காதுல பூச்சுத்துறீக?”

“ராமுத்தா தோட்டத்துக்கு வந்திருக்கே மாமா,” என்றான் உடையப்பன். ஊர்க்கூட்டத்தில் அவன் வாய் திறந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கண்ணுசாமி கூண்டின் வளையத்தைக் கையில் எடுத்தார். கரிந்த உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தமாதிரிக் கம்பி ஒண்ணு சாம்பல்ல கெடந்துச்சு,” என்றார் கடைசியில். “கட்டுக்கம்பின்னு தூக்கிப் போட்டேன்.”

கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த பொம்மையனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அழுவான் அல்லது ஏசுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் நடந்து உள்ளே வந்து, தாளைத் தொட்டுப் பார்த்து, ராயப்பராஜிடம் கேட்டான்:

“இது எப்படிங்க மேல போகுது?”

ராயப்பராஜ் சொன்னார். புரியாமல் மறுபடியும் கேட்டான். ராமுத்தாய் குறுக்கே புகுந்து பசை முதல் சொல்லத் தொடங்கினாள்.

கண்ணுசாமி மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. மலைக்காரர்கள் இறக்கிய வைக்கோல் வண்டியில் பாதியைப் பொம்மையன் வாசலில் தள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். பொம்மையன் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டதும் அவர்தான். பள்ளத்தாக்கில் அதன் பிறகு திரியைச் சிறிதாகக் கட்டினார்கள், கரடு தாண்டும் முன்பே அணைந்துவிடும்படி.

மறு தையில் மூன்று பேராகப் போனார்கள். பொம்மையன் அண்ணாந்தபடி வயலின் நடுவில் உட்கார்ந்திருந்தான். கடைசிக் கூண்டின் வெளிச்சம் அணைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

“பஸ் போயிரும், வாங்கண்ணே,” என்றாள் ராமுத்தாய்.

“போகட்டும். அது எங்க எறங்குதுன்னு பாக்கணும்,” என்றான் பொம்மையன். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.