நேப்பிள்ஸ் கணவாய்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதி உணவகமொன்றில், பொரித்த கணவாயின்மேல் அம்மா எலுமிச்சை பிழிந்தார். அந்த வாசனையில் எனக்கு மறுபடி பதினொரு வயதாகிவிட்டது.

அந்தக் கோடையில் அப்பா எங்கள் இருவரையும் இத்தாலிக்குக் கூட்டிப்போனார். ரொறன்ரோவிலிருந்து சுமந்துவந்த ரைஸ் குக்கரில், நேப்பிள்ஸ் விடுதி அறைக்குள்ளேயே அம்மா சோறு வைத்தார். கீழே தெருவெல்லாம் கணவாய் பொரிந்தது. ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு கெஞ்சினேன்.

“கடைச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துவராது, பிள்ளை” என்றார் அப்பா. கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டு வந்தால் மறுபடியும் சோறும் ரின்னில் அடைத்த மீனும்தான்.

பின்னேரங்களில், பஸ் நேரம் பார்த்துவருவதாகச் சொல்லி அப்பா தனியே போவார். ஒருநாள் திரும்பிவந்து என் கன்னத்தைத் தடவினார். விரலெல்லாம் எலுமிச்சையும் கணவாயும் மணத்தன. குக்கரே கதியென்று கிடந்த அம்மாவிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அம்மாவுக்காக முப்பது வருடம் அப்பாமேல் கோபமாக இருந்தேன். போன வருடம் அப்பா கண்மூடும்வரை அது ஆறவில்லை.

இப்போது எதிரே அம்மா ஒரு துண்டை மென்று முகம் சுளித்தார்.

“உது றப்பர் மாதிரி. நேப்பிள்ஸிலை அப்பா கட்டிக்கொண்டு வந்தது என்ன மெத்தெண்டு இருந்தது! நீ குளிக்கப் போன உடனை எனக்குத் தாறவர்.”