பிரிச்சுப்பாரு

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பொம்மையைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். தலையும் இல்லாத, கையும் இல்லாத பொம்மை. பஞ்சு அடைத்துத் தைத்து ஒரு கம்பியில் செருகி நிறுத்தியது. அதன் தோளில் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு, கழுத்தோரம் ஓர் ஊசி, இடுப்பில் ஓர் ஊசி குத்தியிருக்கிறாள். துணி மார்பில் சரிந்து இடுப்பில் அழகாகத்தான் விழுகிறது. கொஞ்சம் பின்னால் தள்ளிப்போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். பார்த்த வேகத்தில் ஓடிவந்து அத்தனை ஊசியையும் பிடுங்கிவிடுகிறாள்.

"ஏன்க்கா, நல்லாத்தான இருந்துச்சு?" பக்கத்துப் பொம்மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நெட்டைப் பெண் கேட்கிறாள்.

"நல்லா இருந்துச்சா, இல்ல எனக்கு ஆறுதலுக்குச் சொல்றியா?" வாயில் ஊசி இருப்பதால் பாதி வார்த்தை பல்லுக்குள்ளேயே நின்றுபோகிறது.

வகுப்பில் இவளுக்கு வைத்திருக்கும் பெயர் பிரிச்சுப்பாரு. மற்றவர்களெல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த சின்னஞ்சிறுசுகள். இவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கவுனுக்கு விளிம்பு மடித்துத் தைத்தவள். அண்ணனோடு சண்டை பிடித்து, அண்ணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உடை வடிவமைக்கப் படிக்க வந்திருக்கிறாள். அதனால் முகத்துக்கு நேரே அக்கா. முதுகுக்குப் பின்னால் பிரிச்சுப்பாரு. அவளுக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள நேரமில்லை, ஊசி பிடுங்கவே பொழுது சரியாக இருக்கிறது.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்பில் என்ன வெந்தாலும் மூடியைத் திறந்து திறந்து பார்த்து அதை வேகவிடமாட்டாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். விரலில் பட்ட காயத்துக்கு ஒட்டின பிளாஸ்திரியைக் காயம் ஆறுகிறதா என்று உரித்துப் பார்த்தே ஆறவிடமாட்டாள்.

"இவ செடி வச்சா, வேர் விட்டுச்சான்னு தினம் பிடுங்கிப் பாப்பா," என்பான் அண்ணன்.

"உங்கள மாதிரி வச்ச எடத்தையே மறந்துபோறதுக்கு இது தேவலைங்க," என்பாள் அண்ணி.

இதை அவசரக்குடுக்கைத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். அவசரக்காரிக்கு வேலை முடிந்துவிட்டால் நிம்மதி வந்துவிடும். இவளுக்கோ வேலை முடிந்த பிறகுதான் சந்தேகமே ஆரம்பிக்கும். இது பயம். யார் வந்து என்ன சொன்னாலும் சரி, சுத்தமான பயம்.

பொம்மையில் துணி போடுகிற பாடத்தை இந்தப் பயத்தோடேயே ஒருமாதிரி ஒப்பேற்றிவிட்டாள். துணி சல்லடையாகிப் போனாலும் கடைசியில் ஒரு வடிவம் வந்துவிடும். மாட்டிக்கொண்டது மடிப்புப் பாடத்தில். கெட்டி அட்டை இரண்டை விசிறிபோல மடித்து, நடுவில் துணியை வைத்து, சேர்த்துச் சுருக்கி, உருட்டி, நாடாவால் இறுக்கிக் கட்டி ஆவிப்பெட்டிக்குள் வைக்கவேண்டும். அங்கே துணி இளகும். வெளியே எடுத்தபின் நன்றாக ஆறவேண்டும். ஆறும்போதுதான் மடிப்பு துணியில் தங்கும். சூடு இருக்கும்போது பிரித்தால் போயிற்று, பாடுபட்டதெல்லாம் பாழ்.

சூடு ஆறுவதற்குள் உள்ளே என்ன ஆயிற்றோ என்று இவளுக்கு உயிர் போய்விடும். முதல் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே பிரித்துவிட்டாள். கண்ணெதிரே மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கொட்டாவி விட்டு வாயைத் திறந்தன. இரண்டாவது துணிக்குக் கொஞ்சம் பொறுத்தாள். வெளியட்டை சில்லென்றிருக்கிறது என்று நம்பிப் பிரித்தாள். ஓரத்து மடிப்பு நின்றது. நடுவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அண்ணி அதைத் தையல் மிஷினுக்கு உறையாக்கிவிட்டாள். "இந்த உறையும் அழகாத்தான் இருக்கு," என்றாள், சிரிக்காமல்.

அதற்கப்புறம்தான் மிஸ் கூப்பிட்டுச் சொன்னது. மிஸ்ஸுக்கும் இவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் திட்டவும் கூச்சம், கெஞ்சவும் கூச்சம்.

"மூணாவதும் இப்படியே வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. உங்கள விற்பனைப் பிரிவுக்கு மாத்திடுவாங்க."

"அங்க என்ன மிஸ் பண்ணணும்?"

"மத்தவங்க தச்சத விக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்தவள் அந்த உறை போட்ட மிஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கடையின் பின்னறையில் மற்றவர் உடைக்கு விளிம்பு தைத்தாயிற்று. இனிமேல் முன்னறையில் நின்று அதையே விற்கவேண்டுமாம். அண்ணி மட்டும் ஒருதரம் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது துணியை ஆவிக்குக் கொடுக்கும் நாள் வந்தது. அட்டையை உருட்டிக் கட்டும்போது முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டாள்.

"எதுக்குக்கா இத்தன முடிச்சு, ஓடியா போகப்போவுது?" என்றாள் நெட்டை.

"அது ஓடாது. என் கை சும்மா இருக்காது."

பெட்டியிலிருந்து உருளைகள் வந்தன. நீள மேசையில் வரிசையாகக் கிடந்தன. இவள் சன்னலோரம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நின்ற இடத்திலேயே கால்மாற்றிக் கால்மாற்றி நின்றாள். திரும்பினாள், மறுபடி சுவரைப் பார்த்தாள்.

ஆறியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பிரித்தார்கள். நெட்டையின் துணி விசிறிபோல விரிந்து, விட்டதும் சுருங்கிக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். இவளுடையதுதான் பாக்கி. இவள் எடுத்திருந்ததோ கனத்த துணி, பெரிய உருளை, ஆற நேரம் பிடிக்கும்.

மிஸ் பையைத் தோளில் மாட்டியாயிற்று. "உங்களோடது மட்டும்தாங்க இருக்கு. மார்க்கக் குடுத்துட்டு நான் கிளம்பணும். பிரிங்க, பாத்துடலாம்."

"மேல தொட்டுப் பாத்தேன்க்கா, சில்லுன்னுதான் இருக்கு," என்றாள் நெட்டை.

அவள் மேசைக்கு வந்தாள். பழகின கை தானாக நாடாவுக்குப் போய், முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டது. இரண்டாவதும் அவிழ்ந்தது. மூன்றாவதில் விரல் நின்றது. உருளையின் ஒரு முனையில், அட்டை மடிப்புகளுக்கு நடுவே, இரண்டு விரலை மெல்ல உள்ளே விட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தடியில் இருக்குமே, அப்படியொரு சூடு.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மிஸ்.

விரலை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், அவள் மற்றக் கையை மிஸ்ஸுக்கு நேரே உயர்த்தினாள், உள்ளங்கை தெரிய, பொறுங்கள் என்று. கையைக் கீழே இறக்கவில்லை.