கடைசிப் பதினாறு பக்கம்

நவமணியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த தாள்கள் எவை என்று கருப்பம்மாளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

மலேசியாவின் ஈப்போ நகரில் புத்தகங்களை வாடகைக்கு விடும் ஜைனுலாப்தீனுக்கு ஒரு வழக்கம். துப்பறியும் நாவலின் கடைசிப் பதினாறு பக்கத்தைப் பிரித்துக் கடையிலேயே வைத்துக்கொள்வார். புத்தகம் பத்திரமாகத் திரும்பினால்தான் முடிவு. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கருப்பம்மாள் ஈப்போ போவது மாதம் ஒருமுறை. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் அவள் வாசிப்பதைக் கேட்கும் பெண்கள் அதுவரை பொறுப்பார்களா? வெறும் பின்னட்டையைப் பார்த்துப் படிப்பதுபோல் முடிவை அவளே கட்டிச் சொன்னாள். பிறகு கடையில் நின்று நிஜ முடிவைப் படித்தாலும் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததில்லை. இப்படி ஒன்பது வருஷம். புருஷன் விட்டுப் போனவள் என்ற பேச்சு மாறி, படித்தவள் என்று பெயர் வந்தது இந்த வாசிப்பால்தான்.

1979இல் நவமணி வந்தாள். பல்கலைக்கழக மாணவி. மர்ம நாவல்களைத் தோட்டத்து மக்கள் எப்படி அனுபவிக்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறாள். பால் வாளிகளுக்கு நடுவில் ஒலிப்பதிவுப் பெட்டியை வைத்தாள்.

முடிவு நெருங்க நெருங்கக் கருப்பம்மாள் மெதுவாக வாசித்தாள். அட்டை வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா, யாருலா கொன்னது?" என்றாள் கேட்டுக்கொண்டிருந்த பாப்பா.

"மிச்சப் பக்கம் எங்கிட்ட இருக்குக்கா. எப்பவும் கடையிலயே வச்சுக்குவாராம், ஆய்வுக்குன்னு கேட்டதும் கடைக்கார அண்ணே கொடுத்தாரு." நவமணி உதவியாகத் தாள்களை நீட்டினாள்.

பால் நிறுக்கும் வரிசையில் நின்ற நல்லம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "மிச்சப் பக்கம் கடையில இருக்குன்னா, இத்தன நாளா நீ எதப் பாத்துடி படிச்சே?"

கருப்பம்மாள் புத்தகத்தை மூடினாள்.

"நானாத்தான் சொன்னேன்."

"போன மாசக் கதையில கங்காணி தூக்குல தொங்குனானே?"

"அதுவும் நாந்தான்."

"அடி கள்ளி! அவன் செத்தான்னு வீட்டுல பாயாசம் வச்சேன்லா!"

யாரும் சிரிக்கவில்லை. பாப்பா கருப்பம்மாளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். "நீ படி தங்கச்சி."

நவமணி படித்தாள். பங்களா எஜமானைக் கொன்றவள் பாத்திரம் கழுவும் வேலைக்காரி. நகைக்காக.

"வேலக்காரியா?" பாப்பாவின் முகம் கறுத்தது.

"அப்படித்தான் அச்சாகியிருக்கு."

மேசையில் எடை குறிக்கும் கிராணி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசை நகரவில்லை. நல்லம்மாள் தாள்களை வாங்கி மடித்து நவமணியின் பையிலேயே செருகினாள். கருப்பம்மாளை முறைத்தாள்.

"என்னடி பாக்குறே? நீ சொல்லு, யாரு கொன்னது?"

கருப்பம்மாள் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"எஜமானோட தம்பி கையில ரத்தம் இருந்துச்சு..."